முதலில் நீங்கள் அழுத்துங்கள்

ஈரானில் எங்கள் ஷாருத் ஊரில் நுஸ்ரத்துல்லாவைப் போல மரியாதை தெரிந்த மனிதர் கிடையாது. அவர் பட்ட பாடெல்லாம் அதனால்தான். வாசற்படியில் எதிரே யார் வந்தாலும் நெஞ்சில் கை வைத்து, "நீங்க முதல்ல" என்று ஒதுங்கி நிற்பார். வருகிறவரும் இந்த ஊர்க்காரர்தானே, அவரும் ஒதுங்குவார். ஒருமுறை ரொட்டிக் கடை வாசலில் இவரும் இவருடைய சிநேகிதர் ஃபர்ரோக்கும் இப்படி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் கடைக்காரன் அடுப்பையே அணைத்துவிட்டான்.

இதற்கு எங்கள் பக்கத்தில் தாரோஃப் என்று பெயர். கொடுப்பவர் மூன்று தடவை வற்புறுத்த வேண்டும், வாங்குபவர் மூன்று தடவை மறுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் யார் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியும். பாதி நேரம் அப்போதும் தெரியாது.

நுஸ்ரத்தும் ஃபர்ரோக்கும் டர்போ ரயில் ஓட்டியவர்கள். தெஹ்ரானுக்கும் மஷ்ஹதுக்கும் நடுவே பறந்த அந்த வண்டிக்கு ஹெலிகாப்டர் எஞ்சின் மாதிரி ஒரு டர்பைன். அது போடும் சத்தம் இருக்கிறதே, தாம்கான் பிஸ்தா தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் முதல் மாதம் முழுக்க வானத்தையே அண்ணாந்து பார்த்தார்கள். தொழுகைக்கு வண்டி நிற்கும்போது டர்பைனை அணைக்க மாட்டார்கள், மறுபடி கிளப்புவது பெரிய வேலை. பிளாட்பாரத்தில் தொழ வைப்பவரின் குரல் யார் காதிலும் விழாது. முன் வரிசை குனிந்தால் பின் வரிசையும் குனியும், அவ்வளவுதான். ரயில்வே குடியிருப்பில் இருந்த பெண்கள், தூரத்தில் அந்தக் கூவல் கேட்டதும் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்கள். வண்டி எண்ணெயைக் குடித்த குடிக்கு அளவே இல்லை. நம் நாட்டில் சட்டத்துக்குப் பயப்படாமல் குடித்தது அது ஒன்றுதான் என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் குடியால்தான் அதை நிறுத்தவும் செய்தார்கள்.

டர்போவின் கடைசி ஓட்டம் நடந்து இருபது வருஷம் ஆகிறது. அன்று ஓட்ட வேண்டியவர் நுஸ்ரத். ஃபர்ரோக் வழியனுப்பத்தான் வந்திருந்தார். நுஸ்ரத் வழக்கம்போல, "இந்த சீட் உங்களுக்குத்தான் பொருத்தம், நீங்க ஓட்டுங்க" என்றார். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஃபர்ரோக் மறுத்தார். நுஸ்ரத் மறுபடி சொன்னார். மறுபடி மறுப்பு. மூன்றாவது தடவையும் சொன்னார். ஃபர்ரோக் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தன்னுடைய வண்டியிலேயே மஷ்ஹது வரைக்கும் பயணியாகப் போனார் நுஸ்ரத். பக்கத்து சீட்டு அம்மாள் பாவம் பார்த்து ஒரு வெள்ளரிக்காயை உரித்துக் கொடுத்தாள். அதை உப்பில்லாமல் தின்றுகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இவன் ஏன் இங்கே வேகத்தைக் குறைக்கிறான், அங்கே ஏன் கூட்டுகிறான் என்று பொருமிக்கொண்டே போனார். இதை அவர் மனைவி தூபாவைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. தூபாவிடம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லியிருப்பார்.

இந்த வருஷம் வசந்தத்தில் செய்தி வந்தது. டெப்போவில் இத்தனை நாள் கிடந்த கடைசி டர்போவை வண்ணம் பூசி ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். உள்ளே இருக்கும் டர்பைனை மட்டும் கழற்றி எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அதை ஓட்டிக் காட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. பழைய மெக்கானிக் கியூமர்ஸ் மூன்று மாதம் அதற்குள்ளேயே குடியிருந்து உயிர் கொடுத்திருந்தார். பழைய பாட்டரிகளில் ஒரு தடவைக்குத்தான் சக்தி இருந்தது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்த மிஞ்சியிருந்த பழைய டிரைவர்கள் இரண்டே பேர்.

நுஸ்ரத்துக்கு அந்தப் பொத்தான் வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு வேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

அன்று காலை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துவிட்டு, தூபா எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுத்தாள்.

"நான்தான் ஃபர்ரோக்னு வச்சுக்குங்க. 'நுஸ்ரத் ஜான், நீங்க அழுத்துங்க.' இப்ப என்ன சொல்லணும்?"

"உங்க முன்னாடி நான் எப்படிங்க..."

"தொலைஞ்சுது. 'சரி, ரொம்ப நன்றி'ன்னு சொல்லணும். எங்க, மறுபடி."

ஐந்து தடவை நடந்தது. ஐந்து தடவையும் நுஸ்ரத் பெண்டாட்டிக்கே வழிவிட்டார். ஆறாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, ரொம்ப நன்றி" என்றார். முகம் வேர்த்துவிட்டது. தூபா எழுந்து அவர் கன்னத்தில் தட்டினாள். "பெரிய மனுஷரே, இதுதான் சமயம். இன்னொரு இருபது வருஷம் அந்த வெள்ளரிக்கா கதைய என்னால கேக்க முடியாது."

டெப்போவில் அம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். எல்லாம் பழைய ரயில்வே குடும்பங்கள். தெர்மாஸ், மடக்கு நாற்காலி, ஒரு பை நிறையத் தர்பூசணி விதை என்று சினிமாவுக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள். டர்பைனைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போக ஒரு கிரேன் லாரியும் இரண்டு சாதா லாரியும் ஓரமாகக் காத்துக்கொண்டு நின்றன. பகல் தொழுகை முடிந்ததும் வேலை ஆரம்பம் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

கியூமர்ஸ் இருவரையும் டிரைவர் அறைக்குள் ஏற்றி, நிதானமாக எடுத்துச் சொன்னார். எண்ணெய் பம்ப்பை அவர் போட்டதும் பாட்டரி இறங்க ஆரம்பித்துவிடும். அரை நிமிஷத்துக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். தாமதித்தால் எல்லாம் வீண். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கியூமர்ஸ் கீழே இறங்கிப் போய்ப் பம்ப்பைப் போட்டார்.

ஃபர்ரோக் நெஞ்சில் கை வைத்தார். "நுஸ்ரத் ஜான், நீங்க அழுத்துங்க."

சரி, ரொம்ப நன்றி. நுஸ்ரத்தின் மனதில் வார்த்தை தயாராக இருந்தது. வாய்தான் எழுபது வருஷப் பழக்கத்தில் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது. "இருக்கவே இருக்காது. பெரியவர் நீங்க இருக்கும்போது நான் எப்படி?"

"உங்க கையாலதான் அதுக்கு மரியாதை."

"சத்தியமா மாட்டேன். நீங்கதான்."

"உங்க பிள்ளைங்க மேல ஆணை, நீங்கதான்."

கீழே கியூமர்ஸ் என்னமோ கத்தினார். முதல்முறை மரியாதையாகக் கத்தினார், இரண்டாம் முறை இரண்டு பேருடைய தகப்பன்களையும் இழுத்துக் கத்தினார். பதறிப்போய் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். மற்றவர் கை வருவதைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் யாருடைய விரல் பட்டதோ தெரியாது. டர்பைன் வயிற்று வலிக்காரனைப் போல ஒரு முனகல் முனகி அடங்கிவிட்டது.

விதை கொறிக்கும் சத்தம் நின்றது. தூபா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கியூமர்ஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நேரே கிரேன் லாரி டிரைவரிடம் போய் பாட்டரியைக் கொஞ்ச நேரம் தர முடியுமா என்று கேட்டார். அவர், "என் உயிரே உங்களுது, பாட்டரி என்ன பெரிய..." என்று ஆரம்பித்தார். அவர் உபசாரத்தை முடிப்பதற்குள் கியூமர்ஸ் ஸ்பானரால் கழற்ற ஆரம்பித்துவிட்டார். மற்ற இரண்டு லாரிகளில் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒயர் கட்டக் கால் மணி நேரமாவது ஆகும் என்றார்.

அந்தக் கால் மணி நேரம் இரண்டு பேரும் டிரைவர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே தண்டவாளம் தெஹ்ரான் பக்கம் நேராக ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நுஸ்ரத்துக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மரியாதை என்ற பெயரில் இரண்டாவது தடவையும் கையில் வந்ததைக் கோட்டைவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால், சாகிற வரைக்கும் தூபாவிடம் புலம்ப வேண்டியதுதான்.

"ஃபர்ரோக்," என்றார். பிரியத்துக்கும் மரியாதைக்கும் பேரோடு ஒட்டுகிற 'ஜான்' என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. "அன்னிக்கு வண்டிய உங்களுக்குக் கொடுத்தேனே, கடைசி ஓட்டம். அது மனசாரக் கொடுத்தது இல்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க ஏறி உக்காந்துட்டீங்க. இருபது வருஷமா எனக்கு அது ஆறல."

சொன்ன பிறகு அவருக்கே பயமாக இருந்தது. ஐம்பது வருஷச் சிநேகிதத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டோமோ என்று நினைத்தார்.

ஃபர்ரோக் அவரைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"மூணாவது தடவ 'நீங்க ஓட்டுங்க'ன்னு சொன்னீங்களே, அப்பவும் உங்க கை கதவுக் கம்பிய விடல. விரல ஒதுக்கிட்டுதான் நான் ஏறினேன். தெரிஞ்சேதான் ஏறினேன் நுஸ்ரத். எனக்கும் அது அவ்வளவு வேணும்னு இருந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உங்களவிட ரெண்டு வயசு மூத்தவன் நான். நவ்ரோஸ் புது வருஷத்துக்கு நீங்கதான் என் வீட்டுக்கு முதல்ல வரணும். இருபது வருஷமா நான்தான் விடிஞ்சதும் விடியாததுமா உங்க வாசல்ல வந்து நிக்கிறேன். எதுக்குன்னு நெனச்சீங்க?"

நுஸ்ரத் அதை ஒரு நாளும் யோசித்ததில்லை. ஃபர்ரோக்குக்குத் தூபா செய்யும் பலகாரத்தின் மேல் ஆசை என்றுதான் நினைத்திருந்தார். அதைச் சொன்னார். ஃபர்ரோக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பலகாரத்தைத் தின்ன வேண்டியிருந்ததுதான் தனக்குக் கிடைத்த தண்டனை என்றார். நுஸ்ரத்தும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, சீட்டின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதனால் வந்த தண்ணீர் என்று அவர் ஆராயவில்லை.

கீழிருந்து கியூமர்ஸ் குரல் கொடுத்தார். இதுதான் கடைசி, இந்தத் தடவை யாராவது யாரையாவது உபசரித்தால் இரண்டு பேரையும் டர்பைனோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிடுவேன் என்றார். பம்ப் ஓடத் தொடங்கியது.

"நீங்க அழுத்துங்க நுஸ்ரத்," என்றார் ஃபர்ரோக். "இது பேச்சுக்கு இல்ல."

நுஸ்ரத் நெஞ்சில் கை வைக்கவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை பண்டத்தைப் பிடுங்குவது போல எட்டி அழுத்தினார்.

முதலில் அடித்தொண்டையில் ஒரு முனகல் கேட்டது. அது மெல்ல ஏறி, இன்னும் ஏறி, நெருப்புப் பிடித்துக் குபீரென்று ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் அந்தக் கூவல் டெப்போவின் தகரக் கூரையை உலுக்கிக்கொண்டு ஊருக்குள் போனது. வெளியே எல்லாரும் எழுந்து நின்றார்கள். தூபா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

ஃபர்ரோக் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. நானும் ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கலாம். நுஸ்ரத் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, பொத்தான் மேலிருந்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.