நாற்பத்தொன்றாம் பக்கத்து அருவி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இலஞ்சிப் பள்ளியில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விண்வெளிக் கதையெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். உட்கார வைத்து ‘ஏழு நட்சத்திரக் கப்பல்’ கதையைச் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை.

அது நூறு வருஷத்துக்கு முன்னால் மலிவுக் காகிதத்தில் அச்சான ஆங்கில நாவல். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும் கப்பல், ஒளியால் சுடும் துப்பாக்கி, அண்டத்துக்கே ஒரு போலீஸ் படை, பச்சைத் தோல் பகைவன், எல்லாம் அதிலேயே உண்டு. இன்றைக்குத் தியேட்டரில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டு பார்க்கிற கப்பல் சண்டையில் பாதி அங்கிருந்து வந்ததுதான். எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகை அதைத் தமிழில் தொடராகப் போட்டது. அப்பா வாராவாரம் படித்தார். அம்மா உலகம்மாள் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டுப் புத்தகமாக்கினாள். பத்து வயதில் அதைப் படித்துத்தான் நான் கெட்டுப்போனேன்.

அதில் ஓர் இடம். இருபது வாரமாகத் துரத்திக்கொண்டிருந்த இரண்டு கப்பல்களும் அடிபட்டு ஒரு தெரியாத கிரகத்தில் இறங்குகின்றன. கேப்டன் துப்பாக்கியோடு கதவைத் திறக்கிறான். அடுத்த பக்கம் புரட்டினால் அருவி கொட்டுகிறது. எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. தலையில் தண்ணீர் விழுந்ததும் மனதில் கிடந்ததெல்லாம் கழுவிக்கொண்டு போகிறது. அதற்கடுத்த வாரம் கேப்டனும் பச்சைத் தோலனும் சிநேகிதர்கள். எண்ணெய்க் குளியல் மொழிபெயர்த்தவரின் கைவரிசை என்றுதான் நினைத்தேன். அந்தக் காலத்தில் அவர்கள் லண்டன் துரைக்கே இட்லி ஊட்டிவிடக்கூடியவர்கள்.

அந்தக் கிரகம் என்னை விடவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதை வைத்தே ‘அருவிக் கிரகம்’ என்று நாவல் எழுதினேன். பகைவர்கள் ஆயுதத்தைக் கரையில் வைத்துவிட்டு ஒரே வரிசையில் நிற்கிற உலகம். முன்னுரையில், இந்தக் கிரகம் என்னுடையதல்ல, அந்தப் பழைய நாவல் போட்ட பிச்சை என்று எழுதினேன். அதற்கு முன்பே இருபது வருஷமாகத் தென்காசியில் ஒரு மேடை பாக்கியில்லாமல் அந்த அருவிக் கதையைச் சொல்லியும் வந்தேன்.

கடையநல்லூரில் அச்சகம் வைத்திருக்கும் சஃப்ரின் முந்நூறு பிரதி அடித்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் வெளியீடு. சிறப்புப் பேச்சாளர் ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். என்னுடைய முந்தைய புத்தகத்தில் புதிதாக ஒன்றுமே இல்லை என்று எழுதியவர். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. சஃப்ரின்தான் அவரை அழைத்தாள். வரட்டுமே என்று நானும் வீம்புக்கு இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சஃப்ரின் போன் செய்தாள். மேடையில் காட்டுவதற்காக மூல நாவலை இணையத்திலிருந்து இறக்கியிருக்கிறாள்.

“அக்கா, மூணு தடவ பாத்துட்டேன். அருவியே இல்ல. கேப்டன் கதவத் திறந்ததும் சுடுதான். பச்சத் தோலன் கையத் தூக்கிருதான். அம்புட்டுதான்.”

அம்மா தைத்த புத்தகத்தை எடுத்து அந்த இடத்தில் தையலைப் பிரித்தேன். அருவி வருகிற நாற்பத்தொன்றாம் பக்கத்தின் உள்விளிம்பில், நூலுக்கு அடியில் பொடி எழுத்து: குற்றால சீசன் சிறப்பிதழ். மறுபக்கம் தைல விளம்பரம்.

புத்தகத்தை அப்படியே அம்மாவிடம் கொண்டுபோனேன். அவளுக்கு எழுபத்தைந்து வயது, ஞாபகத்துக்குக் குறைச்சலில்லை. அங்கே இருக்கவேண்டிய கதைத் தாளின் பின்பக்கம் ஒரு கோலம் இருந்ததாம். மார்கழிக்கு வேண்டுமென்று வாங்கிப்போன அடுத்த வீட்டுக்காரி திருப்பித் தரவில்லையாம்.

“அதான் வேற வாரத்து நாப்பத்தொண்ண வச்சுத் தைச்சேன். நான் என்ன கதையா படிச்சேன்? நம்பரு சரியாத்தானட்டி இருக்கு?”

நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்தொன்று; என்ன குறை சொல்ல முடியும்? மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இருபது வருஷமாக நான் ஊருக்குச் சொன்னது பொய். ஆவுடையப்பன் மூலத்தைக் கரைத்துக் குடித்தவர். மேடையில் என் மானம் கப்பலேறப்போகிறது.

முன்னுரைத் தாளைக் கிழித்துவிடலாம், முந்நூறு பிரதிக்கும் ஒரு மணி நேரம்தான் ஆகும் என்றாள் சஃப்ரின். சனிக்கிழமை புத்தகக் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்துத் தாளில் கையும் வைத்துவிட்டேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“எத்தனாம் பக்கத்தட்டி கிழிக்கே?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு பக்கம் காணாமல் போனதற்கு அவளாவது இன்னொன்றைத் தேடி வைத்தாள். நான் வெறுமனே ஒளிக்கப் பார்க்கிறேன். கட்டைத் திரும்பக் கட்டி வைத்தேன்.

ஞாயிறு காலை நல்ல சாரல். ஈரத் தலையும் தோளில் துண்டுமாக மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஆவுடையப்பன், மடியில் ஆங்கில மூலம், அதில் அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு. நானே முதலில் மைக்கைப் பிடித்தேன். தைத்தது, கோலம் போனது, தைல விளம்பரம், தாளைக் கிழிக்கப் போனது வரை ஒன்று விடாமல் சொன்னேன். மண்டபத்தில் கிளம்பிய சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆவுடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மெல்ல மேடைக்கு வந்தார்.

“நாலு பக்கம் எழுதிட்டு வந்தேன் டீச்சர், இல்லாததச் சொல்லி ஊர ஏமாத்துதியன்னு.” அந்தத் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “அருவி அதுல இல்லன்னா அந்தக் கிரகம் ஒங்களுது. சொந்த நெலத்துக்கு எதுக்கு அடுத்தவன் பேருல பட்டா போட்டிய?”

ஜன்னல் வழியே அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கேயோ நட்சத்திரங்களுக்கு நடுவிலிருந்து வாங்கி வந்ததாக நான் நம்பிய தண்ணீர், வீட்டு வாசலில் டவுன் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் தலையில் விழும். முதல் கைதட்டல் ஆவுடையப்பனுடையது.

முதல் பிரதியை அம்மா வாங்கிக்கொண்டாள். போட்டோ எடுக்கிறவர் இங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்க, அவள் கண்ணாடியை மாட்டி, விரலை நாக்கில் தொட்டு, முன்னுரையிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நாற்பத்தொன்றில் ஒரு நிமிஷம் நின்று, பின்பக்கத்தையும் பார்த்தாள். கடைசித் தாள் வந்ததும் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஒண்ணும் கொறையல. நம்பரெல்லாம் சரியா இருக்கு” என்றாள்.