டிரங்குப் பெட்டியில் ஒரு பெயருக்கு இடம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மராத்தி பேசும் ஊரான வானவடியில் எங்கள் குடியிருப்பில், டேபிள் டென்னிஸ் மேஜை உடைந்து கிடந்த அறையைப் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகமாக்கப் போகிறோம், பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள். அட்டை எழுதப் போனவள் கதையோடு திரும்பினேன்.

முதல் தொடக்கம்: "வரலாறு என்பது..." (வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: "பாமா அக்கா ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியை லிஃப்டில் ஏற்றி..." (பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.)

2.

கிருஷ்ணப்ரியா கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி. வேலை, எதையும் சனிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று நம்புகிறவள். வீட்டுக்கு ஒரு பொருள் கேட்டாள். வந்து குவிந்தன. பானுவின் எவர்சில்வர் அண்டாவில் அவள் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. லீலாவின் குடத்தில் மாமனார் பெயர். பாமா அக்காவின் பெட்டியில், வெள்ளை பெயிண்டில், ஆங்கிலத்தில், 'சுபேதார் தணிகாசலம்'. பெண்கள் அருங்காட்சியகத்துக்குள் ஆண்கள் வரிசை கட்டி நின்றார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாமா அக்கா சிரிக்கவில்லை. வேலூர்ப் பக்கத்துக்காரர். மாற்றல் வரும்போதெல்லாம் பட்டாளத்துக்காரரான கணவர் தணிகாசலம் முன்னால் போய்விட, தனியாக வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு பின்னால் ரயிலேறியவர்.

"என் பேரு இல்லாத பொட்டி இங்க எதுக்கு? வீட்டுக்கே எடுத்துக்குனு போறேன்" என்றார்.

(இங்கே அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அழுகிற ஆள் இல்லை. அடித்துவிட்டேன்.)

3.

கிருஷ்ணப்ரியா உடனே பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்தாள். பழைய பெயரைக் கறுப்பால் மூடிவிட்டு, வெள்ளையில் பாமா என்று எழுதிவிடலாமுங்க என்றாள். யோசனை எனக்கும் பிடித்திருந்தது.

பிரஷ் பெட்டியைத் தொடப்போகும்போது பாமா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டாம். மாற்றல் வந்தால் பெட்டியில் பழைய விலாசத்தைக் கறுப்பால் மூடி, பெயரையும் புது ஊரையும் மறுபடி எழுத வேண்டும். தணிகாசலம்தான் முன்னாலேயே போய்விடுவாரே.

"பேரு அவருது. எழுத்து என்னுது. ஒவ்வொரு தபாவும் நான்தாம்மா எழுதினேன்."

குனிந்து பார்த்தேன். நிதானமான, உருண்டையான எழுத்துகள். இடம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

4.

கதைக்கு மூன்று முடிவுகள்:

அ) பெட்டியை அப்படியே வைத்து, அட்டையில் விளக்கம் எழுதலாம். (அட்டை எழுதுவது நான். பெருமை எனக்கு வந்துவிடும்.)

ஆ) தணிகாசலமே மனைவியின் பெயரை எழுதலாம். (ஆசையாகக் கூப்பிட்டோம். வந்தார், பிஸ்கட் பாக்கெட்டோடு. "நான் எழுதினா கோணலா வரும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.)

இ) பூட்டுக்குக் கீழே ஒரு பெயர் அடங்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை, வாசலில் ரிப்பன் கட்டியாகிவிட்டது. பாமா அக்கா தரையில் சம்மணமிட்டு, பிரஷை வெள்ளையில் நனைத்து, தன் பெயரை எந்த மொழியில் எழுதுவது என்று யோசிக்கிறார். மராத்தியில்தான் என்கிறாள் பானு. தமிழில்தான் என்கிறாள் லீலா. அவர் இருவரையும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வரியை நான் எழுதலாம். எழுதினால் அது என் எழுத்தாகிவிடும். நீங்களும் எழுத வேண்டாம். சற்றுத் தள்ளி நில்லுங்கள், நாம் அவருக்கு வெளிச்சத்தை மறைக்கிறோம்.