மாமாவின் முதுகில் இரண்டு தக்கை

ஃபைபர் படகுக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது மாமா கொட்டாவி விட்டார். அதுதான் அவர்களுக்கு இன்னும் வெறி ஏற்றியது. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில், பட்டப்பகலில், ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு ஆளைப் போட்டு அடிக்கிறார்கள். அடி வாங்குகிறவன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒருத்தன் துடுப்பை எடுத்து வந்து முதுகில் போட்டான். நான் குறுக்கே விழுந்தேன். எனக்கும் விழுந்தது. சும்மா வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நானில்லை. ஒருத்தன் மூக்கை உடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் விசைப்படகை ஓட்டுகிற டிரைவர் முத்துக்குமரன், என் அம்மாவின் தம்பி, வீலைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். படகு அவர்கள் விரித்திருந்த வலை மேல் ஏறி, வலை நார் நாராகிப்போனது. குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான் என்று ஊரில் பேச்சு. வாயில் புழுதான் விழும் இவன்களுக்கு. மாமா சாராயத்தைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

அவருக்கு இருந்தது வியாதி. தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்ளும். குறட்டை எங்கள் ஊர் கிளிஞ்சல்மேடு முழுக்கக் கேட்கும், திடீரென்று நின்றுவிடும். குறட்டை நின்றதே என்று சந்தோஷப்படக் கூடாது, மூச்சும் சேர்ந்துதான் நின்றிருக்கும். பிறகு நீரில் முங்கியவன் மேலே வருவதுபோல ஒரு திணறல் திணறி மூச்சு வாங்குவார். விடிய விடிய இதே கூத்து. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். உட்கார்ந்த இடத்தில் தூங்கித் தூங்கிச் சாமியாடுவார்.

டாக்டர் ஒரு மூச்சு மெஷின் வாங்கச் சொன்னார். மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்று உள்ளே போய்த் தொண்டையைத் திறந்து வைக்கும். வீட்டில் அதை மாட்டிக்கொண்டு மாமா குழந்தைபோலத் தூங்கினார். ஆனால் எங்கள் தொழில் தங்கல். போனால் நாலைந்து நாள் கடலிலேயே கிடக்க வேண்டும். ஒரு தடவை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயர்லெஸ்ஸுக்கும் ஜி.பி.எஸ்ஸுக்குமே பேட்டரி இழுத்துப் பறிக்கிற படகில் அதற்கு எங்கே கரண்ட்? போதாததற்கு ஒரு அலை கேபினுக்குள் புகுந்து அதன் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனது. ரிப்பேர் பார்த்து வந்தபிறகு அத்தை அதை வீட்டை விட்டு வெளியே அனுப்பவில்லை.

வலை கிழிந்த மறுநாள் படகு முதலாளி மணிபாரதி மாமாவைக் கூப்பிட்டார்.

"இந்த ஒரு தங்கல் பாப்பேன், முத்து. வீலுல ஒரு தடவ தூங்கி வழிஞ்சாலும் எறங்கிடணும். வருத்தப்படக் கூடாது."

மாமாவுக்கு வீல் போனால் எல்லாம் போனது. பதினெட்டு வயதில் பிடித்த வீல். கரையில் அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. மீன் விலை பேசக்கூடத் தெரியாது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அத்தை குஞ்சம்மாள்தான் மறுபடியும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கடலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி லேசாக ஏதாவது சொல்லுங்கள் என்று மல்லுக்கு நின்றாள். மெஷின் அளவுக்கு எதுவும் வராது என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் ஆரம்பித்தார். மல்லாந்து படுக்கக் கூடாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். தலைமாடு உயரமாக இருக்க வேண்டும். கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்க, பல்லில் மாட்டுகிற ஒரு கிளிப்பு. அவ்வளவுதான். அத்தை வீட்டுக்கு வந்து, வலையில் கட்டுகிற தக்கை இரண்டை எடுத்து மாமாவின் பனியனில் முதுகுப் பக்கம் வைத்து நைலான் நூலால் தைத்தாள். மல்லாந்தால் தக்கை முதுகில் குத்தும், தானாகப் புரண்டுவிடுவார்.

"கவி, நீதான் பக்கத்துல இருக்குற" என்றாள் என்னிடம். "மூச்சு நின்னா பாத்துக்கிட்டு நிக்காத. புடிச்சு உலுக்கு."

படகில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டார்கள். என்னா டிரைவரே, ஒட்டகம் மாதிரி முதுகுல முண்டு என்றான் ஒருத்தன். முங்கினாலும் மெதப்பாரு என்றான் இன்னொருத்தன். மாமா சிரித்துக்கொண்டார். சமையல் பார்க்கிற கண்ணையன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பனியனைப் பார்த்தாலே ஆகவில்லை.

"தக்கைய எதுல கட்டுவாங்க? வலையில கட்டுவாங்க. இல்லன்னா கடல்ல கெடக்குற பொணத்துல, எடம் தெரியணும்னு கட்டுவாங்க. உசுரோட இருக்கவன் கட்டலாமா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "இது வியாதி இல்லடா. அமுக்குவான் பேய். நெஞ்சு மேல ஏறி உக்காந்து கழுத்தப் புடிக்குது."

"உங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றேன்.

பகலில் வலை இழுபடுகிற நேரத்தில் நான் வீலைப் பிடிப்பேன், மாமா எனக்குப் பின்னால் பலகையில் படுப்பார். முதல் நாள் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மல்லாந்தார், தக்கை குத்தியது, முனகிக்கொண்டே புரண்டார். குறட்டை இருந்தது, ஆனால் அறுந்து அறுந்து போகவில்லை. எழுந்து வந்தவர் கடலை ஒரு சுற்றுப் பார்த்தார். "டேய் கவி, தலை லேசா இருக்குடா" என்றார். அவர் கண் அவ்வளவு வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிழைத்துக்கொண்டார் மாமா என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கண்ணையன் அந்தப் பனியனைத் துவைத்துவிட்டார். டீசல் நாறுகிறது என்று நல்லவர்போல வாங்கி, சோப்புப் போட்டுக் கொடியில் கட்டிவிட்டார். தக்கை தைத்த வேறு பனியன் இல்லை. ஒரு மத்தியானம்தானே என்று மாமா வெறும் உடம்போடு படுத்தார். கண்ணையன் செய்த இன்னொரு காரியம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. பேய்க்கு இரும்பு ஆகாது என்று, மாமாவின் தலைமாட்டில் சுருட்டி வைத்திருந்த வலைத்துண்டுக்குள் வலை அறுக்கிற கத்தியைச் செருகி வைத்துவிட்டார். படுக்கிறவனுக்குத் தெரிந்தால் பலிக்காதாம்.

நான் வீலில் இருந்தேன். பின்னால் குறட்டை ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரும்பினேன். மாமா மல்லாந்து கிடந்தார். நெஞ்சும் வயிறும் ஏறி ஏறி இறங்குகின்றன, மூக்கில் காற்று இல்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவனிடம் வீலைப் பிடி என்று கத்திவிட்டுப் பாய்ந்து, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன்.

மாமா கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் நான் இல்லை. மூச்சுக்குத் தவிக்கிறவனின் மேல் எவனோ ஒருத்தன் ஏறி அமுக்குகிறான், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கையும் தலைக்கு மேல் போய் வலையைப் பிய்த்தன. கத்தி கையில் மாட்டியது. வீசினார். முகத்துக்கு வந்ததை நான் வலது கையால் தடுத்தேன். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்தது. முதலில் வலி இல்லை, சூடு மட்டும். அப்புறம் கேபின் சுவரெல்லாம் ரத்தம்.

"பேய் ஏறிடுச்சு, புடிங்கடா" என்று கண்ணையன் கத்தினார். மற்ற நாலு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். மாமாவின் கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கினார்கள். காலைப் பிடித்து டெக்குக்கு இழுத்துப்போய், வலை இழுக்கிற வின்ச்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். கண்ணையன் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் அறைந்தார். இறங்கு இறங்கு என்று ஒருத்தன் கட்டையால் தொடையில் போட்டான். பல்லில் மாட்டியிருந்த கிளிப்பு உடைந்து, மாமாவின் வாயிலிருந்து ரத்தத்தோடு வந்து விழுந்தது. அவர் ஒரு அடிக்கும் கத்தவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாரடா வெட்டினேன்? கவியவா?" என்று மட்டும் கேட்டார்.

நான் இடது கையில் கிடைத்த பாத்திரத்தை எடுத்துக் கண்ணையன் மண்டையில் போட்டேன். "அவுத்து விடுங்கடா, நாசமாப் போறவனுங்களா. மூச்சு நின்ன மனுஷன அடிக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா" என்று கத்தினேன். அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் அவர்களுக்குப் பேய் மறந்து, பயம் வந்தது. கடலில் நேராக ஓட்ட எல்லாருக்கும் தெரியும். ஆனால் துறைமுகத்துக்குள் நுழைகிற அரசலாற்று முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடந்தது. மாமாவையும் என்னையும் விட்டால் அதில் படகை நுழைக்க ஆளில்லை.

கட்டை அவிழ்த்தார்கள். மாமா எழுந்து நொண்டிக்கொண்டே போய் வீலைப் பிடித்தார். வலையை வெட்டிக் கடலில் விடச் சொன்னார். வயர்லெஸ்ஸில் கரைக்குச் சொல்லி ஆம்புலன்ஸ் வரச் சொன்னார். தூக்கம் வரும்போதெல்லாம் வீங்கிய உதட்டைத் தானே கடித்துக்கொண்டார். என்னைத் தன் காலடியில் படுக்க வைத்து, கவி, பேசுடா, பேசிக்கிட்டே இருடா என்றார். நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கரை வரை அவர் கண் மூடவில்லை.

தையல் போட்டார்கள். நரம்பு அறுந்துவிட்டது, இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மாமா செத்துப்போவார். வின்ச் கம்பி கிழித்தது என்று ஆஸ்பத்திரியில் எழுத வைத்தேன்.

நான் வீட்டுக்கு வந்ததும் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பேய் பிடித்தவன் கையில் வீல் இருக்கலாமா என்பதுதான் பேச்சு. மண்டையில் கட்டோடு கண்ணையன் முன்வரிசையில் இருந்தார். மாமா ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர் அங்கே வாசலிலேயேதான் கிடந்தார், மெஷின் பக்கமே போகவில்லை என்று அத்தை சொன்னாள்.

நான் எழுந்து பேசினேன். "பேயும் இல்ல பிசாசும் இல்ல. தக்கை போட்டுப் படுத்தாரு, நல்லா இருந்தாரு, ரெண்டு நாளும் வீலுல கண்ணசரல. தக்கையக் கழட்டிட்டுக் கத்திய வச்சது யாரு? தூங்குறவன் தலைமாட்டுல கத்திய வச்சா யாரா இருந்தாலும் வீசத்தான் செய்வான். வெட்டு வாங்குன நானே சொல்றேன், அவரு மேல தப்பு இல்ல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, எனக்குச் சாதகமாகத்தான். முதலாளி மணிபாரதி தாடையைச் சொறிந்தார். "முழிச்சிருக்குற டிரைவர் எனக்குப் போதும். அந்தத் தங்கல்ல தூங்கலன்னா வீலு முத்துவுக்குத்தான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மாமா பக்கம் திரும்பினேன். தலை பின்னால் சாய்ந்து, வாய் பிளந்து, மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலையெழுத்தை ஊரே கூடிப் பேசுகிறது, மனுஷன் தூங்குகிறார். தூக்கமா அது? நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சு இல்லை. இன்னும் ஒருத்தரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் வீல் போச்சு. பார்க்காவிட்டால் ஆளே போய்விடுவார். தோளைத் தொட எனக்குக் கை வரவில்லை. ஓடிப்போய் நாற்காலியை எட்டி உதைத்தேன். மாமா நாற்காலியோடு சரிந்து தரையில் விழுந்தார். முகம் சிமெண்டில் மோதியது. மூச்சு வந்தது.

கூட்டம் எழுந்து என்னைப் பிடித்து அமுக்கியது. தலைவர் அதட்டினார். சபையில் அடித்ததற்கு நான் இந்தப் பருவம் முழுக்கக் கடலுக்குப் போகக் கூடாது என்றார். பிறகு மாமாவைப் பார்த்தார். "நீ வெட்டின, அவன் ஒதச்சிட்டான். ரெண்டும் நேராயிடுச்சு. வீலு ஒன்னோடதுதான், போ" என்றார். மாமா தூங்கியதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாமா எழுந்தார். வாயைத் துடைத்தார்.

"அவன் அடிக்கலைங்க" என்றார். "நான் தூங்கிட்டேன். மூச்சு நின்னுருக்கும். எழுப்புறான். அன்னிக்கும் அதுக்குத்தான் வந்தான்."

"மாமா, சும்மா இருங்க" என்றேன்.

"அவன் மேல போட்ட தடைய எடுத்துடுங்க. எனக்கு வீலு வேணாம். பெத்த புள்ள மாதிரி வளந்தவன வெட்டிட்டேன், இனிமே நான் தொட மாட்டேன். கவிக்குக் கை ஆறட்டும். அவன் புடிக்கட்டும். என்னய விட நல்லா ஓட்டுவான்."

மணிபாரதி என்னைப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினார். ஊரே என்னைப் பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். இடது கையால்தான்.

"யோவ், யாரக் கேட்டு உட்டுக் குடுத்த? இந்தக் கையாலயா நான் வீலு புடிப்பேன்?"

கட்டுப் போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி மடக்கிக் காட்டினேன். மற்ற விரல்கள் மடங்கின. அந்த இரண்டும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றன. மாமா அந்த விரல்களைத் தன் கையில் எடுத்து, தானே மடக்கிப் பார்த்தார். விட்டதும் மறுபடியும் நிமிர்ந்துகொண்டன. மறுபடியும் மடக்கினார்.