மாப்பிள்ளைக்கு வாங்கிய பைக்

சீதன வீட்டைக் கட்டி முடித்து, சுவருக்கு இரண்டாம் பூச்சும் அடித்து, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று அப்துல் ஸமட் மூச்சு விட்ட பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் பைக்குக்கு வந்தார்கள். வந்தது மாப்பிள்ளை ஜெஸீம் அல்ல, அவனுடைய தாய்மாமன் மசூர் ஹாஜி. கேட்டார் என்று சொன்னால் அது அவர்மேல் பழி. "நாங்க ஒண்டும் கேக்கல்ல, ஸமட் காக்கா. ஒங்கட மருமகன் ரோட்டில நடந்து போனா ஒங்களுக்குத்தானே மரியாதக் குறைவு" என்றார். எங்கள் பக்கத்தில் சீதனம் வாங்குகிற ஒருத்தரும் வாய் திறந்து கேட்பதில்லை. கொடுக்கிறவன்தான் வெட்கப்பட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

பைக் வாங்கியது ஸமட்டின் ஒரே மகள் ஸம்றாவின் சம்பளத்தில். அவள் நாவிதன்வெளிப் பக்கம் மிட்வைஃப். வயல்வெளிக்குள் கிடக்கிற ஊர்களுக்கெல்லாம் ஸ்கூட்டியில் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவிட்டு வருகிறவள். வயது இருபத்தொன்பது. கல்முனைக்குடியில் அந்த வயதுக் குமருக்கு ஊரே மாப்பிள்ளை தேடும், தேடிக்கொண்டே பெருமூச்சும் விடும். ஜெஸீமை அவளுக்குப் பிடித்திருந்தது. கத்தாரிலிருந்து வந்தவன், அலட்டாதவன், போனில் கதைக்கும்போது அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்கிறவன். அதனால்தான் பைக் விஷயத்தில் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சம்பளக் கடனுக்குக் கையெழுத்து வைத்தாள்.

பைக் வந்து இறங்கியதும் மசூர் ஹாஜி அஸர் தொழுதுவிட்டுப் பார்க்க வந்தார். கறுப்புப் பைக். ஒருமுறை சுற்றி வந்தார். சீற்றைப் போர்த்தியிருந்த பொலித்தீனைத் தட்டிப் பார்த்தார்.

"இதக் கழட்டக் கூடா. நிக்காஹ் அண்டு மாப்புளதான் முதல்ல ஏறணும். அதுவரைக்கும் ஒருத்தரும் இதில குந்தக் கூடா."

தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்ததையும் சொன்னார். "மறுகா, அந்த ஸ்கூட்டி. எங்கட குடும்பத்துப் பொம்புளயள் ரோட்டில ஓடுறல்ல. வேலைக்கு மாப்புள கொண்டு போய் உடுவார், மாப்புள கூட்டிக்கொண்டு வருவார். அத இப்பவே ஒரு பக்கமாக்கிப் போட்டா நல்லம்."

ஸமட் நல்ல மனுசன்தான். ஆனால் குமரைக் கரைசேர்க்கும் மட்டும் எவன் தும்மினாலும் தன் வீட்டுக் கலியாணம் குழம்பிவிடும் என்று நடுங்குகிறவர். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம், ஸம்றா வேலை விட்டு வந்து குளிக்கப் போன இடைக்குள், பெரியநீலாவணை மீன் வியாபாரி ஒருவருக்கு ஸ்கூட்டியை விற்றே விட்டார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் வெறும் வாசலைப் பார்த்தாள். "ஸ்கூட்டி எங்க வாப்பா?"

ஸமட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கலியாணம் நல்லபடியா முடியட்டும், மகள். எல்லாம் ஒன்ட நல்லதுக்குத்தான்."

"அது என்ட கால், வாப்பா. என்ட காலயா வித்தீங்க?"

"பொறுத்துப் போ புள்ள" என்றாள் உம்மா றஹீமா அடுப்படியிலிருந்து. பொறுத்துப் போ என்பதைத் தவிர இந்த ஊரில் பெண்பிள்ளைக்குச் சொல்ல வேறொன்றும் கிடையாதா என்று ஸம்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அழுதாள். அழுதது ஸ்கூட்டிக்காக மட்டுமல்ல, விடிந்தால் பயணம் என்பதற்காகவும்தான்.

அந்தப் பயணத்தைப் பற்றி இரண்டு வருசமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஸம்றா, அவளோடு படித்த தையல்கடை அப்னா, அவளோடு வேலை செய்கிற காரைதீவு மேனுஜா. ஆளுக்கொரு ஸ்கூட்டியில் பொத்துவிலுக்குப் போய் உல்லைக் கடலில் கால் நனைத்துவிட்டு வருவது. கடலோர ஊரில் இருந்துகொண்டு கடல் பார்க்க அவ்வளவு தூரமா என்று கேட்கலாம். கேட்கிறவர் ஆணாகத்தான் இருப்பார். கல்முனைக்குடியில் தெருவின் முடிவில் கடல்தான். ஆனால் அங்கே ஒரு பெண் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றால், அவள் வீட்டுக்குத் திரும்புமுன் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சுபஹுத் தொழுதுவிட்டு ஸம்றா ஹெல்மட்டை எடுத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து புதுப் பைக்கின் சாவியையும் எடுத்தாள். வாப்பா பள்ளிவாசலிலிருந்து இன்னும் வரவில்லை. றஹீமா மட்டும் வாசலுக்கு வந்தாள்.

"அது மாப்புளட பைக், புள்ள."

"மாப்புளட பைக் எண்டா மாப்புள உழைச்சு வாங்கியிருக்கணும், உம்மா."

றஹீமா மறிக்கவில்லை. கேற்றைத் திறந்துவிட்டாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே விளங்கியிருக்காது.

கியர் பைக் ஸம்றாவுக்குப் புதிதல்ல. வாப்பாவின் பழைய பைக்கில் வயலுக்குச் சோறு கொண்டுபோய் வளர்ந்தவள். ஆனால் அபாயாவோடு பொலித்தீனில் இருப்பது சீவன் போகிற வேலை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெற்றோல் டாங்கியில் போய் முட்டினாள். காரைதீவுச் சந்தியில் மற்ற இருவரும் நின்றார்கள். மேனுஜா பைக்கைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"ஆர்ர பைக் கா இது?"

"என்ட."

நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். அப்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. விவாகரத்தாகி மூன்று வருசம் ஊர் வாயில் அரைபட்டவள் அவள், பயத்தின் விலை தெரிந்தவள். ஆனாலும் முதலில் பொலித்தீனில் கை வைத்தது அவள்தான். மூன்று பேரும் சேர்ந்து, கோழி உரிக்கிற மாதிரி அதை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.

நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை. வெயில் ஏறமுன் காற்று நெஞ்சுக்குள் இறங்கியது. அக்கரைப்பற்றில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஆண்கள் கிளாசைக் கையில் வைத்தபடி குடிக்க மறந்தார்கள். ஸ்கூட்டி ஓடுகிற பெண்கள் அவர்களுக்குப் பழக்கம். கறுப்புப் பைக்கில் கியர் மாற்றிக்கொண்டு போகிற அபாயாதான் பொறுக்கவில்லை. ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். இன்னொருத்தன் பின்னால் துரத்திக்கொண்டு வந்து, "மாப்புள எங்க தாத்தா?" என்று அக்காமாரைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்தினான். ஸம்றா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள், கியரை மாற்றினாள், அவனைக் காணவில்லை. திருக்கோவில் தாண்டி ஆளற்ற றோட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை சந்தோசத்தையா இந்த மனுசர்கள் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தாள்.

கோமாரியில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது வாப்பாவின் போன் வந்தது.

"வீடியோ மசூர் ஹாஜிக்குப் போயிட்டு, மகள். நிக்காஹ் வேணாமெண்டு நிக்கிறார். திரும்பி வா."

"கடலப் பாத்துட்டு வாறன், வாப்பா."

"மகள், நான் கெஞ்சிக் கேக்கிறன்."

அந்தக் குரலுக்கு அவள் நெஞ்சு கலங்கியது. போனை வைத்தாள். அப்னா மெதுவாகக் கேட்டாள். "திரும்புவமா கா? நாளைக்கு ஒன்னத்தான் ஊர் திண்ணும்."

"நான் களவெடுக்கல்ல அப்னா, பாதியில திரும்புறத்துக்கு."

உல்லையில் கடல் நீலமாக, யாரையும் கணக்கெடுக்காமல் கிடந்தது. வெள்ளைக்காரிகள் பலகையை வைத்து அலையில் ஏறி விழுந்துகொண்டிருந்தார்கள். மூவரும் முழங்கால் மட்டும் இறங்கினார்கள். பெரிய அலையொன்று வந்து அபாயாவை இடுப்பு மட்டும் நனைத்தது, மேனுஜா உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிச் சிரித்தாள். அப்னா கட்டி வந்த புட்டையும் சுறா வறையையும் மணல் நறநறக்கத் தின்றார்கள். அப்போதுதான் ஜெஸீமின் போன் வந்தது.

"ஸம்றா, பயப்படாதீங்க. மாமாவ ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்" என்றான். குரலில் உண்மையான கரிசனை இருந்தது. "மீட்டரப் பூச்சியமாக்குற ஆள் ஒருத்தர எனக்குத் தெரியும். சீற்றுக்கும் புதுப் பொலித்தீன் போடலாம். வீடியோவில வந்தது வேற ஆரோ எண்டு சொல்லிருவம். நீங்க பைக் ஓடவே இல்ல எண்டு ஆயிரும்."

"நான் ஓடினன், ஜெஸீம்."

"தெரியும். ஆனா..."

"நான் ஓடினது ஒங்களுக்குப் பிரச்சினையா?"

"எனக்கில்ல. மாமாக்குத்தான்."

"அப்ப அத மாமாட்டச் சொல்லுங்க. எனக்குப் பிரச்சினை இல்லையெண்டு அவர்ர முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவன் "பாப்பம்" என்றான். அந்தப் பாப்பத்தைக் கேட்டதும் ஸம்றா போனை வைத்துவிட்டாள். மசூர் ஹாஜியின் ஏச்சு அவளை இப்படி நோகடித்திருக்காது.

திரும்பி வரும்போது வாசலில் கார் நின்றது. அப்னாவும் மேனுஜாவும் அவளை விட்டுப் போக மனமில்லாமல் கேற்றடியில் நின்றார்கள். உள்ளே மசூர் ஹாஜி, பக்கத்தில் தலை குனிந்த ஜெஸீம், எதிரே பிழை செய்தவர்போல் கதிரை நுனியில் ஸமட். முன்னால் தேத்தண்ணி.

"ஸமட் காக்கா, நாங்க பெரிய மனசு பண்ணி நிக்காஹ நிப்பாட்டல்ல" என்றார் ஹாஜி. "ஆனா இந்தப் பைக் எங்களுக்கு வேணாம். பொம்புள ஓடின பைக்கில எங்கட மாப்புள ஏறமாட்டார். வேற புதுசு எடுங்க. இனி ரோட்டில ஓடமாட்டன் எண்டு மகள இதிலேயே சொல்லச் சொல்லுங்க."

"சொல்லமாட்டன், மாமா" என்றாள் ஸம்றா. அபாயாவின் ஓரத்திலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. "நாளைக்கும் ஓடுவன். கலியாணம் முடிஞ்சாலும் ஓடுவன். வலி வந்து கிடக்கிற புள்ளயிட்ட, மாப்புள வந்து என்ன ஏத்துமட்டும் பொறு எண்டு எனக்குச் சொல்லேலா."

பிறகு ஜெஸீமைப் பார்த்தாள். "இது என்ட வீடு. என்னக் கட்டினா இஞ்ச வந்து இரிக்கப் போறது நீங்க. வந்து இரிக்கிற ஆளுக்கு ஒரு வாய் இரிக்கணும். சொல்லுங்க."

ஜெஸீம் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

றஹீமா வந்து, பாதி குடித்திருந்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஸமட் எழும்பினார். வாப்பா இப்போது ஹாஜியின் கையைப் பிடித்துக் கெஞ்சப் போகிறார் என்று ஸம்றா நினைத்தாள், அதைப் பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்பினாள். ஸமட் ஹாஜியைத் தாண்டி வாசலுக்குப் போனார். தொப்பியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு சாரனை மடித்துக் கட்டினார்.

"மகள், மஃரிபுக்கு நேரமாகுது. என்னப் பள்ளியில கொண்டு போய் உடு."

"நாங்க இரிக்கம், ஸமட் காக்கா" என்றார் ஹாஜி, நம்ப முடியாமல்.

"ஓம், இரிக்கீங்க. நான் தொழப் போறன்." ஸமட்டின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஜெஸீம் தம்பி, என்ட மகள் வேணுமெண்டா நீங்க தனிய வாங்க. வெறுங்கையோட வாங்க, வெறுங்கையோட கட்டுங்க. வேற பைக் இல்ல."

மேனுஜா தன் ஹெல்மட்டைக் கழற்றி நீட்டினாள். ஸமட் அதைத் தலைகீழாகப் போடப் பார்த்து, அவள் திருத்திவிட, மகளுக்குப் பின்னால் ஏறிக் குந்தினார். ஸம்றாவுக்குக் கண் மங்கியது. துடைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினாள். தெருமுனையில் வேகத்தைக் குறைத்தாள். மெயின் ரோட்டில் கடைகள் எல்லாம் திறந்திருக்கும், பள்ளி வாசலில் ஊர் முழுக்க நிற்கும். வாப்பாவுக்கு இன்றைக்குப் பட்டது போதும் என்று நினைத்தாள்.

"உள் ரோட்டால போவமா வாப்பா?"

ஸமட் அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்தார்.

"மெயின் ரோட்டால போ, மகள். ஆறுதலா, மெள்ளப் போ."