தொழுவத்துக்குக் குடிபோன செடிகள்

என் நாத்தனார் ஆல்டா வயதில் பாதிக்கு மேல் மீன்பிடிக் கப்பல்களில் சமையல்காரியாக இருந்தவள். போன இலையுதிர்காலத்தில் முழங்கால் ஒத்துழைக்காமல் கரையேறினாள். எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன வீடு வாங்கினாள். மேசை போட்டாள், கட்டில் போட்டாள், அத்தோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டாள். சன்னல்களில் ஒரு செடி கிடையாது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் சன்னல் வெறுமையாக இருந்தால் அது ஆளில்லாத வீடு. தபால்காரர் அவளுக்கு வந்த தபாலையெல்லாம் என் வீட்டில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

"நாலு செடி வாங்கி வையேன் ஆல்டா."

"எதுக்கு? சமைச்சா திங்கலாமா?"

"திங்க முடியாது. பாக்கலாம்."

"பாக்கறதுக்குத்தான் உன் புருஷன் மூஞ்சி இருக்கே. அதைப் பாத்தே வளந்தவ நான், இதுன். போதும்."

இதுன் என்பது நான். என் புருஷன் கௌதி அவளுடைய தம்பி. அவன் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "கூட்டிட்டுப் போயிட்டு வா. இல்லன்னா தபால்காரர் இவளைச் செத்துட்டான்னு எழுதிடுவார்" என்றான்.

பிப்ரவரியில் மலைவழிப் பாதை திறந்திருந்த ஒரு நாளில் கிளம்பினோம். வழி முழுக்க ஆல்டா காய்ந்த மீனைப் பிய்த்து வெண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டே வந்தாள். "இலையைப் பாக்க இவ்வளவு தூரமா" என்று மட்டும் மறுபடி மறுபடி கேட்டாள். மேட்டிலிருந்து இறங்கும்போது பள்ளத்தாக்கில், செடி வளர்த்து விற்கும் எகிலின் கண்ணாடிக் கூடங்கள் தெரிந்தன. பகல்தான், ஆனாலும் அந்த மாதத்து மங்கலான பகல். சுற்றிலும் வெள்ளை, நடுவில் கூடங்களின் மஞ்சள் வெளிச்சம். ஆல்டா மெல்வதை நிறுத்தினாள்.

"துறைமுகம் மாதிரி இருக்கு" என்றாள்.

எகில் நடுவயதுக்காரன், உயரம், பேச்சு கம்மி. வாங்க வந்தவர்களை வா என்றுகூடச் சொல்லமாட்டான், கதவை மட்டும் திறந்து பிடித்துக்கொள்வான். குளிர் உள்ளே போய்விடும் என்ற அவசரம்தான் அவனுடைய வரவேற்பு.

உள்ளே நுழைந்ததும் எங்கள் இரண்டு பேர் மூக்குக்கண்ணாடியும் ஆவி படிந்து வெளுத்துப்போயின. நான் துடைத்துக்கொண்டேன். ஆல்டா கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகத்தை மேலே தூக்கி மூச்சை இழுத்தாள். ஈர மண், இலை, நிலத்தடியிலிருந்து வந்து குழாயில் ஓடிக் கூடத்தைச் சூடாக்கும் வெந்நீரின் லேசான கந்தக வாசனை.

"இதுன்," என்றாள் மெதுவாக, "இது மூச்சு விடுது."

கிரீன்லாந்துப் பனிப்பாறைகளைப் பார்த்தவள். கப்பல் உயரத்துக்கு எழும்பும் அலையில் மீன்குழம்பு வைத்தவள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

எகில் முன்னே நடந்தான். தொட்டி தொட்டியாகப் பெகோனியாக்கள், கூரையிலிருந்து தொங்கும் பெரணிகள், என் உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டைகள் விழுந்த இலைகளோடு கொடிகள், ஆர்க்கிட் பூக்கள். ஆல்டா ஒவ்வொன்றையும் ஒரு விரலால் தொட்டாள், சூடான சட்டியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஒரு பெகோனியா இலையைத் திருப்பி அடியில் ஓடிய சிவப்பு நரம்புகளைப் பார்த்தபடி வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"இந்தப் பக்கத்தை யாரு பாப்பாங்கன்னு இவ்வளவு அழகு?" என்று எகிலைக் கேட்டாள்.

"தெரியல" என்றான் அவன்.

அந்தப் பெகோனியாவையும் ஒரு பெரணியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் கடைசிக் கூடத்துக்குப் போனோம். அங்கேதான் அந்த வாழை நின்றது. விற்பதற்கில்லை, எகில் ஆசைக்கு வளர்த்தது. கூரைக் கண்ணாடியை முட்டித் தலை குனிந்திருந்தது. குலை தள்ளியிருந்தது.

ஆல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எகில், பழத்தைத் தலைகீழா ஒட்டிவச்சிருக்கியா?"

"என்ன?"

"மேல பாத்து வளருதே. தொங்காதா?"

"எல்லா வாழையும் அப்படித்தான்."

"பெட்டி பெட்டியாப் பழத்தைக் கப்பலுக்கு ஏத்தியிருக்கேன். இது மேல பாத்து வளரும்னு ஒருத்தனும் சொல்லலையே." குலையின் நுனியில் தொங்கிய கருஞ்சிவப்புப் பூவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். ஒரு மடல் விரிந்து, உள்ளே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த பிஞ்சுகள் தெரிந்தன. "அடி ஆத்தா," என்றாள், "தொட்டில்ல போட்ட மாதிரி அடுக்கியிருக்கு."

அந்த நேரத்தில்தான் இலைகள் அசைந்தன.

முதலில் இலைகள் மட்டும். காற்றில்லை, கதவு மூடியிருந்தது. அந்தக் கூடத்திலிருந்த ஒவ்வொரு இலையும், பெரிதும் சிறிதும், ஒரே நேரத்தில் நடுங்கியது. சத்தமே இல்லை. பெரணிகளின் நுனிகூடத் தனித்தனியாகத் துடிப்பது தெரிந்தது. நிலத்துக்கு என்ன வரப்போகிறது என்று எங்களைவிட முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அடியிலிருந்து அந்த உறுமல் வந்தது. தொட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கடகடத்தன.

"கால அகட்டி நில்லு!" ஆல்டா என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தன்னோடு இழுத்து வாழைக்கு அடியில் நிறுத்தினாள். தரை எங்களைத் தூக்கிப் போட்டது. அவள் கப்பல் தளத்தில் நிற்பதுபோல முழங்காலை மடக்கி நின்றாள், கெட்டுப்போன முழங்காலோடு. வடக்கு மூலையில் கண்ணாடிகள் சடசடவென்று உதிர்ந்தன.

எங்கள் நாட்டில் நிலநடுக்கம் புதிதில்லை. ஆனால் கண்ணாடி வீட்டுக்குள் நின்று யாரும் அதைப் பார்க்க வேண்டாம்.

நின்றதும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எகிலின் கன்னத்தில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. உடைந்த மூலை வழியாகக் குளிர் வெள்ளைப் புகையாகத் தரையில் ஊர்ந்து வந்தது. எகில் குனிந்து சுவரோரக் குழாயில் கை வைத்தான். சுடாததால் கையை எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு பின்பக்கம் ஓடினான். திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"வெந்நீர் வர்ற ஆழ்துளைக் கிணறு செத்துப்போச்சு. கீழ சத்தமே இல்ல. தண்ணி வேற எங்கயோ போயிடுச்சு."

"அப்போ சூடு?"

"இருட்டறதுக்குள்ள எல்லாம் உறைஞ்சுடும்." அவன் ஒரு கவிழ்ந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஆல்டா அவனைப் பார்த்தாள், செடிகளைப் பார்த்தாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பக்கத்துப் பண்ணையின் சிவப்புக் கூரை தெரிந்தது.

"அது என்ன, மாட்டுத் தொழுவமா?"

"ரன்வேக்கோடது. அங்க முடியாது."

"ஏன், மாடு இல்லையா உள்ள? மாடு இருந்தா கதகதப்பு இருக்கும்."

"அவளும் நானும் பேசறதில்ல."

"ஏன்?"

எகில் கன்னத்துக் கீறலைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய நாய் ரன்வேக்கின் ஆடுகளை விரட்டியதில் ஆரம்பித்த சண்டை என்று எனக்குத் தெரியும். அந்த நாய் செத்தே பல காலம் ஆகிறது.

"எழுந்திரு," என்றாள் ஆல்டா. "ஏழு கடல் நான் பாத்திருக்கேன், மூழ்கற கப்பல்ல யார்கூட யார் பேசறதில்லன்னு யாரும் கேட்டதில்ல."

ரன்வேக் தொழுவத்து வாசலிலேயே நின்றிருந்தாள். குட்டையான, அகலமான பெண், கையில் பால்வாளி. மாடுகளெல்லாம் பத்திரம் என்பதைப் பார்த்துவிட்டு எங்களை எதிர்பார்த்து நின்றதுபோலத்தான் இருந்தது. ஆல்டா விஷயத்தைச் சொன்னாள். ரன்வேக் அவளைப் பார்க்கவே இல்லை, பின்னால் நின்ற எகிலையே பார்த்தாள்.

"அவனுக்கு வாய் இல்லையா? அவனே கேக்கட்டும்."

எகில் பனியைப் பார்த்தபடி, "செடிங்களுக்குக் கொஞ்சம் இடம் வேணும், ரன்வேக்" என்றான்.

"எவ்வளவு கொஞ்சம்?"

"எல்லாம்."

ரன்வேக் பால்வாளியைக் கீழே வைத்தாள். "பின்ன என்ன சிலை மாதிரி நிக்கிற? குதிரை ஏத்தற வண்டி அங்க நிக்குது, வைக்கோலைப் போட்டு ஓட்டிட்டு வா. மாட்டுக்கு ஆகாத செடி எது எதுன்னு சொல்லு, அதெல்லாம் மேல் பரண்ல. என் மாடு ஒண்ணு செத்தா உன்னை வச்சுப் பால் கறப்பேன்."

அதன் பிறகு ஆல்டாதான் கேப்டன். பழைய செய்தித்தாள், கோணி, எங்கள் கம்பளிச் சட்டைகள், எல்லாவற்றையும் வைத்துத் தொட்டிகளைச் சுற்றினோம். வண்டி போய்ப் போய் வந்தது. நிலநடுக்கத்துக்கு நலம் விசாரிக்க வந்த பண்ணைக்காரர்களை அவள் நலம் கேட்க விடவில்லை, கையில் ஆளுக்கொரு தொட்டியைத் திணித்தாள். கைக்குக் கை மாறி ஆர்க்கிட்டுகள் போயின. மூச்செல்லாம் ஆவியாக எழுந்துகொண்டிருந்தது.

வாழையை மட்டும் நகர்த்த வழியில்லை. எகில் அதன் முன்னால் நின்றான்.

"குலை தள்ளின மரம் எப்படியும் வெட்ட வேண்டியதுதான்," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். "கன்னு மூணு இருக்கு. அதைத் தோண்டிக்கலாம்."

அரிவாளை ஓங்கியவன், மறுபடி தாழ்த்தினான். ரன்வேக் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அரிவாளைக் கேட்டுக் கை நீட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "இலையை மாடு திங்குமா?" என்று மட்டும் கேட்டாள். "திங்கும்" என்றான். வெட்டினான். தண்டிலிருந்து நீர் பீறிட்டு அவர்கள் இருவர் மேலும் தெறித்தது. குலையை ஆல்டா தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டாள், பெரிய மீனைத் தூக்குவதுபோல.

கடைசிச் சுமையோடு தொழுவத்துக்குள் நுழைந்தபோது எல்லாருமே ஒரு கணம் நின்றுவிட்டோம். தடுப்புகளின் மேலெல்லாம் பெரணிகள். பரணிலிருந்து ஓட்டை இலைக் கொடிகள் கீழே வழிந்திருந்தன. வைக்கோல் கட்டுகளின் மேல் ஆர்க்கிட்டுகள் வரிசையாக. நடுவில் மாடுகள், பழுப்பும் கறுப்பும் வெள்ளையுமாக, வாழையிலையைத் தின்றுகொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து காய்ந்த புல்லும் கோடையில் நான்கு மாதப் பச்சையும் தவிர ஒன்றும் அறியாத மாடுகள். ஒரு கறுப்புப் பசு இலையின் கிழிசலை வாயில் வைத்துக்கொண்டு மெல்வதை மறந்து, கண்ணை மூடி நின்றது. அவற்றின் மூச்சு கதகதப்பாக எழுந்து இலைகளில் பட்டு நீர்த்துளியாக இறங்கியது.

யாரோ தொப்பியைக் கழற்றினார். யாரும் சிரிக்கவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செடிகளில் பெரும்பாலானவை பிழைத்தன. கண்ணாடி போட்டு, குழாய் போட்டு, வசந்தத்தில் எல்லாம் திரும்பிப் போயின. எகிலும் ரன்வேக்கும் இப்போது பேசுகிறார்கள், அதாவது தினமும் நேரில் சண்டை போடுகிறார்கள். வாழைக்கன்றுகள் மூன்றில் ஒன்று ரன்வேக்கின் சமையலறையில் நிற்கிறது. ஆல்டா வாரத்தில் பாதி நாள் எகிலின் கூடங்களில்தான், நாற்று மாற்றுகிறாள், வருகிறவர்களை அதட்டுகிறாள். முழங்கால் வலியைப் பற்றி நான் கேட்டால் மட்டும்தான் ஞாபகம் வருகிறது அவளுக்கு.

ஆனால் எல்லாரும் என்னிடம் கேட்பது அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பண்ணைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் நால்வரும் தொழுவத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மாடுகள் தின்பதை நிறுத்தின. ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தன. எல்லாம் ஒரே திசையில்.

"இன்னொரு குலுக்கலா?" என்றேன். கால் தானாக அகன்றுகொண்டது.

குலுக்கல் வரவில்லை. சுவருக்கு அப்பால் ஏதோ சீறும் சத்தம் கேட்டது. ரன்வேக் பின்கதவைத் திறந்தாள்.

அவளுடைய புல்வெளியின் நடுவில், காலையில் இடுப்பளவு பனி கிடந்த இடத்தில், பனி தனக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. வட்டமாக, மெதுவாக. அதன் நடுவிலிருந்து ஆவி நேராக மேலே எழுந்தது, மாதா கோயில் கோபுரத்தைவிட உயரமாக, மேலே போய் வெளுத்த வானத்தில் கலந்தது. வட்டம் எங்கள் கண் முன்னாலேயே பெரிதானது. விளிம்பில் போன கோடையின் புல் நனைந்து பச்சையாகத் தெரிந்தது. பிறகு நடுவில் மண் பிளந்து சேற்றுத் தண்ணீர் பொங்கியது. முதலில் கறுப்பு, அப்புறம் சாம்பல், அப்புறம் தெளிவு. குமிழிகள் உடையும் சத்தம் காலுக்கடியிலிருந்தே கேட்டது.

எகில் வழிந்து வந்த ஓடையில் விரலை விட்டு வெடுக்கென்று எடுத்தான். விரலை வாயில் வைத்துக்கொண்டே அழுதான்.

"உன் தண்ணி," என்றான் ரன்வேக்கிடம். "உன் நிலம்."

"எனக்கு இவ்வளவு வெந்நீர் எதுக்கு? நான் என்ன யானையா குளிப்பாட்டறேன்? குழாயைக் கொண்டா."

மேலே ஏறிய ஆவி குளிரில் திரும்பி எங்கள் மேல் தூறலாக விழுந்தது. பிப்ரவரி மாதத்தில் வெதுவெதுப்பான மழை. ஆல்டா முகத்தைத் துடைக்கவில்லை.

"நான் பாத்ததெல்லாம் தண்ணிக்கு மேல நடக்கறதுதான்," என்றாள். "கீழ என்னென்ன இருக்கோ."

ரன்வேக், "மாடு மடி கனத்துப்போய் நிக்குது. நிக்கிறவங்க நில்லுங்க" என்று சொல்லி உள்ளே போனாள். பால்வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் அங்கேயே நின்றோம். வட்டம் இன்னும் விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது எங்கள் கால் பக்கம் வந்தபோதும் ஓரடி பின்னால் வைத்து, மறுபடியும் நின்று பார்த்தோம்.