காலியில்லாத விண்ணப்பம்

துடியலூரில் மோட்டார் பம்பு செய்யும் பொங்கியண்ணன், 1999இல் இன்ஜினியர் வேலைக்கு ஆள் எடுக்க வெப்சைட் கேட்டார். வெப்சைட் செய்துதரும் கயல்விழிதான் அதைச் செய்தாள். அவர் சொன்னபடி விண்ணப்பத்தில் மனைவி பெயர், அதற்குள் பிள்ளைகள், அதற்குள் அவர்கள் படிக்கும் வகுப்பு என, பாத்திரக்கடைக் குண்டாக்கள் போல ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டங்கள்.

“சார், கல்யாணம் ஆச்சான்னு மொதல்ல கேட்டுப்போட்டு, ஆனவங்ககிட்ட மட்டும் உள்கட்டத்தைக் கேக்கலாமுங்க” என்றாள்.

“கேட்டதுக்குப் பதில் எழுதாதவன் நம்ம கம்பெனிக்கு எதுக்கு அம்மணி? ஒரு கட்டங்கூட காலியா வரப்படாது.”

முப்பது வருடம் பம்பு செய்தவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாமலா போகும்? ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பம் நகராதபடி கயல்விழி எழுதிக் கொடுத்தாள்.

மாதக் கடைசியில் அறுபத்தொரு விண்ணப்பங்கள் சேர்ந்தன. போன வருடம் கல்லூரி முடித்தவர்களுக்கெல்லாம் மனைவி, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனின் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

அச்செடுத்த காகிதங்களை இரண்டு முறை புரட்டிய பொங்கியண்ணனின் முகம் தொங்கிப்போனது.

“ஏனுங்க அம்மணி, கல்யாணமாகாத பையன் ஒருத்தன்கூடவா இல்லே?”

“வேலைக்கு அது எதுக்குங்க சார்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “பொண்டாட்டி பேரு இல்லாத பையனாப் பாத்து நம்ம பொண்ணு புவனாளுக்கு முடிச்சுப்போடலாம்னுதான் இந்த வெப்சைட்டே போட்டேன்.”

கயல்விழி காகிதங்களைத் தட்டி அடுக்கி அவர் முன்னால் வைத்தாள்.

“ஒரு கட்டங்கூட காலியில்லீங்க சார்.”