சிரவணபெளகுளா வழியாகப் புக்கெட்

குணமாலா அந்த டிக்கெட்டை எடுத்தது, மாட்டுக்குப் புண்ணாக்கு ஊற வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்ட கால் மணி நேரத்தில்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வயலுக்குப் போக வழியில்லை. சும்மா போனைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். மைனா ஏர் என்று புதிதாகக் கிளம்பியிருக்கிற விமானக் கம்பெனி, தை மாதத்திலிருந்து சென்னைக்கும் புக்கெட்டுக்கும் நேராக விமானம் விடப்போகிறதாம். அன்று பகல் பன்னிரண்டுக்குள் எடுத்தால் முதல் விமானத்துக்கு மட்டும் ஆம்னி பஸ் டிக்கெட் விலைதானாம். கீழே ஒரு படம். பச்சையும் நீலமுமாகக் கடல். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிற ஒரு பெண்ணின் கால்விரல்கூடத் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் குணமாலாவின் தோளும் காலும் தாமாக அசைந்தன. வந்தவாசிப் பக்கம் பிறந்தவள் அவள். அப்பா வீட்டுப் பாசனக் கிணற்றில் பம்புசெட் ரூம் மேலேயிருந்து குதித்து, அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டுகிறவள். ஊர்ப் பையன்கள் இரண்டு ஆள் ஆழம் இறங்கி மூச்சுமுட்டித் திரும்புகிற கிணறு அது. கல்யாணமாகித் திருப்பருத்திக்குன்றம் வந்தபோது, புருஷன் ஜினகுமார் வீட்டில் கிணற்றைத் தூர்த்துவிட்டு போர் போட்டிருந்தார்கள். அதோடு சரி. இருபத்தாறு வருஷமாக அவள் தலை மூழ்கியது குளியலறை வாளித் தண்ணீரில்தான்.

மணி பதினொன்றே முக்கால். மகன் ரிஷப் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது போய்ப் பார்க்கலாமென்று இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். இவர்கள் கிளம்புவதற்குள் அவன் ஸ்ரீபெரும்புதூருக்கே வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்த பாஸ்போர்ட்டுகளை எடுத்து வந்து, எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது டிக்கெட் வந்து விழுந்தது.

சாப்பாட்டுக்கு வந்த ஜினகுமாரிடம் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"கடலா? நமக்கு எதுக்குமா கடலு? மகாபலிபுரத்துலதான் இருக்குதே."

"அங்க இறங்கினா இழுத்துக்கினு போயிடும். இது ஏரி மாதிரி நிக்குமாம்."

"கேன்சல் பண்ணிடு."

"தாராளமா பண்ணலாம். ஆனா ஒத்த ரூபா திரும்பி வராதாம். குறைஞ்ச டிக்கெட்டுன்னா அப்படித்தானாம்."

ஜினகுமார் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. களத்தில் சிதறின நெல்லைக் குனிந்து பொறுக்குகிற மனுஷன் அவர். ஒரு பொருளை வாங்கிவிட்டு உபயோகிக்காமல் விடுவதைப் போலப் பாவம் அவருக்கு வேறில்லை. அது குணமாலாவுக்கு நன்றாகத் தெரியும். ரசத்துக்கு வரும்வரை யோசித்தவர், "அறுப்பு முடிஞ்சிடுமில்ல அதுக்குள்ள?" என்றார்.

போவதற்கு ஒத்துக்கொண்டாரே தவிர, ஊருக்குச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஐம்பத்துமூன்று வயசில், பேரன் எடுக்கிற காலத்தில், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போகிறேன் என்றால் டீக்கடையில் என்ன பேசுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் வரதராஜனிடம் நாலு நாள் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, "எங்க பயணம் நைனாரே?" என்று அவர் கேட்டார். சமணர்கள் யாத்திரை போகிற கர்நாடக ஊரின் பெயர் ஜினகுமார் வாயில் சட்டென்று வந்தது, "சிரவணபெளகுளா."

"பேஷா போய்ட்டு வா. என் முட்டிவலிக்கும் சேத்து வேண்டிக்கோ."

விஷயம் தெரிந்ததும் குணமாலா இடுப்பில் கைவைத்து நின்றாள். "பகவான் பேரைச் சொல்லிப் பொய் சொல்றீங்களே, நாக்கு கூசல? என்னை யாராவது கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன், சொல்லிட்டேன்."

"நீ உண்மையும் சொல்லவேணாம். வாயைத் தொறக்காம இரேன், உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவளும் வாயைத் திறக்கவில்லை. வரதராஜன் பெண்சாதி அம்சா, "மலை மேல அவ்ளோ படிக்கட்டாமே, ஏறிடுவியாக்கா?" என்று அக்கறையாகக் கேட்டபோது, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த குணமாலா ஓர் ஈரப் போர்வைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

தை பிறந்தது. அறுப்பும் முடிந்தது. ஆளுக்கு ஏழு கிலோ பைதான் என்று டிக்கெட்டில் போட்டிருந்ததால், வேர்க்கடலை எடைபோடுகிற தராசில் பையைத் தொங்கவிட்டுப் பார்த்து, ஜினகுமாரின் மூன்றாவது வேட்டியைக் கழித்துவிட்டு, புளிச்சோற்றுக்கு இடம் பண்ணினாள். சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தால் இருவரும் சாப்பிடுவதில்லை. வழியில் என்ன கிடைக்குமோ, யார் கண்டது?

விமான நிலையத்தில் அவர்கள் ஏறவேண்டிய வாசலில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மஞ்சள் பலூன், கோலம், குத்துவிளக்கு, இரண்டு மூன்று டிவிக் கேமராக்கள். மஞ்சள் கோட்டு போட்ட மைனா ஏர் அதிகாரி ஒருத்தி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அரைக்கால் சட்டையும் பனியனுமாக நின்ற இடத்தில், அரக்குப் பட்டில் குணமாலா மட்டும் தனியாகத் தெரிந்தாள். 'முதல்முதல் விமானம் ஏறுகிறோம், நல்லதாக ஒன்றைக் கட்டலாம்' என்று கட்டி வந்தது.

"மேடம், காஞ்சிபுரம் சில்க்கா?"

"புடவை மட்டுமில்லம்மா, நாங்களே காஞ்சிபுரந்தான்."

அவ்வளவுதான். கையில் மெழுகுவர்த்தி வந்துவிட்டது. குணமாலா விளக்கேற்றினாள், கைதட்டினார்கள். "சார் எங்கே, சாரைக் கூப்பிடுங்க!" சார் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, அதில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் பலகையை மனப்பாடம் செய்கிறவர் போலப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தலையில் ஓலைத் தொப்பி, கழுத்தில் ஊதா நிறப் பிளாஸ்டிக் பூமாலை. "சிரிங்க சார்! ரெண்டு விரலைக் காட்டுங்க சார்!" என்றார் கேமராக்காரர். ஜினகுமார் சிரிக்கவில்லை. ஆனால் ஏதோ பயத்தில் இரண்டு விரலைக் காட்டிவிட்டார்.

"போச்சு," என்றார் இருக்கையில் உட்கார்ந்ததும். "எல்லாம் போச்சு."

"யார் பாக்கப் போறாங்க?" என்று குணமாலா சொன்னாளே ஒழிய, ஊதா மாலையை அவர் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் திணித்தாள்.

விமானம் ஓடத் தொடங்கியதும் அந்தக் கவலையெல்லாம் பறந்துவிட்டது. ஜினகுமார் கண்ணை மூடிக்கொண்டு பஞ்ச நமஸ்கார மந்திரம் சொன்னார். சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது கீழே மேகம் இருந்தது. அதற்கப்புறம் அவர் ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. "அங்க பாரு குணா, வெளுத்த பஞ்சை உதறிப் போட்ட மாதிரி" என்று அவள் பார்க்க இடமே கொடுக்காமல் அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு என்னவோ உறுத்தியது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் மஞ்சளாகி, இருக்கை முதுகெல்லாம் செம்பு பூசினாற்போல் ஆகியிருந்தது. கைக்கடிகாரத்தில் மணி நாலே முக்கால்தான்.

"என்னங்க, பொழுது போவுது!"

"இப்பவா? ஆறு மணிக்கு இல்ல போவும்?"

"அது நம்மூர்ல. நாம கிழக்கால இல்ல போய்க்கினு இருக்கோம்! இங்க சீக்கிரம் இருட்டிடும். எடுங்க சோத்தை!"

இரண்டு பேரும் அடித்துப் பிடித்துப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சூரியன் மேகத்தில் பாதி இறங்கியிருந்தது. குணமாலா உருண்டை பிடித்துக் கொடுக்கக் கொடுக்க ஜினகுமார் வாயில் போட்டுக்கொண்டார். புளிச்சோற்று வாசனைக்கு முன் வரிசைத் தலைகளெல்லாம் திரும்பின. தண்ணீர் கொண்டு வந்த பணிப்பெண், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜன்னலைக் குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்கு ஆன்ட்டி, மெதுவா மெல்லுங்க" என்று காவல் நின்றாள். கடைசி வாய் தொண்டையில் இறங்கவும் சூரியன் மறையவும் சரியாக இருந்தது.

மறுநாள் காலை, தங்கிய இடத்தில் பப்பாளியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, கட்டா என்கிற கடற்கரைக்கு நடந்து போனார்கள். படத்தில் பார்த்ததைவிடக் கடல் நீலமாக இருந்தது. குணமாலா சுடிதார் போட்டிருந்தாள். மணலில் கால் வைத்த நிமிஷத்தில் ஜினகுமாரின் சட்டைப்பையில் போன் கூவத் தொடங்கியது. விமான நிலையத்தில் வாங்கிய சிம்மை அப்போதுதான் போட்டிருந்தார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தேழு செய்திகள். எல்லாம் ஒரே படம். ஓலைத் தொப்பி, ஊதா மாலை, இரண்டு விரல்.

அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னை மாதிரி வேற யாரோன்னு சொல்லிடட்டா?"

"பக்கத்துல நிக்கிறதும் என்னை மாதிரி வேற யாரோவா?"

அதற்குள் வரதராஜன் வீடியோவில் வந்துவிட்டார். பின்னால் டீக்கடைப் பாய்லர் தெரிந்தது. "இன்னா நைனாரே, தரிசனமெல்லாம் நல்லபடியா ஆச்சா?" குரலில் வெல்லம் சொட்டியது. "என் முட்டிக்கு வேண்டிக்கினியா?"

ஜினகுமார் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் உதவிக்கும் வரவில்லை, முறைக்கவும் இல்லை. அவர் எழுந்து நின்றார். பெரிய சபையில் பேசுகிறவர் போல ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"வரதா, பொய் சொல்லிட்டேன்பா. வெக்கமா இருந்துச்சு, அதான். நாங்க கடலு பாக்கத்தான் வந்தோம்."

அந்தப் பக்கம் டீக்கடையே சிரித்தது.

"அடப் போய்யா! இதுல இன்னா வெக்கம்? கடலு இன்னா கள்ளுக்கடையா? திருப்பு, திருப்பு, நாங்களும் பாக்கறோம்!"

ஜினகுமார் போனைக் கடல் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் மூன்று மாதமாக இருந்த ஒரு சுருக்கம் நீங்கியதைக் குணமாலா பார்த்தாள். துப்பட்டாவையும் செருப்பையும் அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

முதல் அலை அவளை உட்கார வைத்தது. கிணற்றில் அலை ஏது? வாயெல்லாம் உப்பு. எழுந்தாள். அடுத்த அலை வரும்போது அதற்குள்ளேயே தலையைக் கொடுத்து அந்தப் பக்கம் வெளியே வந்தாள். அங்கே தண்ணீர் அமைதியாக இருந்தது. கையை நீட்டினாள். இருபத்தாறு வருஷம் என்பதெல்லாம் மூளைக்குத்தான். கைக்கும் காலுக்கும் நேற்றுப் போல இருந்தது. கிணற்றுத் தண்ணீர் உடம்பை இப்படித் தாங்காது. இது கீழேயிருந்து ஏந்திக்கொடுத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நீந்தினாள். அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. கூட்டமாக வந்த சின்ன மீன்கள் அவளைப் பார்த்து இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன.

விசில் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மஞ்சள் மிதவைகளைத் தாண்டி வந்திருந்தாள். கரையில் காவலர் ஒருவர் கையை ஆட்டினார். அவருக்கு முன்னால், மார்பளவுத் தண்ணீரில், கால்சட்டையும் சட்டையுமாக ஜினகுமார் நின்றார். நீச்சல் தெரியாத மனுஷன். கழுத்தில் துப்பட்டா. ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன், இரண்டும் தலைக்கு மேலே. போனிலிருந்து டீக்கடை கத்தியது: "அதோ, எடது பக்கம்! வந்துக்கினு இருக்குது பாரு!"

அவள் கரைப் பக்கம் வந்து அவரெதிரில் நின்றாள். அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்க போனே நீ? தலையே தெரியல."

"உங்களுக்கு இவ்ளோ ஆழத்துல இன்னா வேலை?"

அப்போதுதான் ஜினகுமார் குனிந்து, தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார்.

"அக்கா!" டீக்கடைக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அம்சாவின் முகம் போனில் வந்தது. "இத்தினி வருஷம் பக்கத்து வூட்ல இருக்கேன், நீச்சல் தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னியாக்கா?"

"நீ கேக்கலையே."

"அடுத்த தடவை ஆஃபர் வந்தா எங்களுக்கும் போடு. இந்த ஆளு முட்டிய உப்புத் தண்ணில ஊற வெச்சாத்தான் சரியாவும்."

போனை அணைத்தார்கள். ஜினகுமார் மெல்லக் கரையேறி, நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார், "நாளைக்கும் இதே நேரத்துக்கு வரலாமா?"

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் குணமாலா. "போனை அந்தக் காவல்காரர்கிட்ட குடுத்துட்டு வாங்க. இன்னும் மணி பத்துகூட ஆவல."